வரி எண் 0

2017 ஜூன். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த வாரம். விடியற்காலை 4:50-க்குப் போன் அடித்தது. மண்டிக் கணக்குப்பிள்ளை மாமா.

“ஏம்மா, தூங்கறியா? உன் பொட்டி என்னமோ பண்ணுது. பேரு போட்டா உள்ள போவுது. அடுத்ததைத் தொட்டா மறுபடியும் பேரு கேக்குது. வெளிய பதினேழு வண்டி நிக்குது.”

மாமா என்றால் சொந்தம் இல்லை. என் அப்பாவோடு ஒரே மேஜையில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவர். பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பியபோது, “எங்க மண்டிக்கு ஒரு பில்லு போடற சாமான் பண்ணிக் குடு” என்று முதலாளியிடம் கூட்டிப் போனவர் அவர்தான். அப்படித் தொடங்கியதுதான் என் தொழில். பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதி, ஒரு சின்ன வாடகை சர்வரில் போட்டு, ஆறு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பைத் திறந்து சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைப் பார்த்தேன். ஒரே வரி, நூறு தடவைக்கு மேல். பிடிஓ (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசுகிற இணைப்பு) இன்ஸ்டன்ஸை சீரியலைஸ் செய்யவோ அன்சீரியலைஸ் செய்யவோ முடியாது என்றது. அது பரவாயில்லை. எந்த ஃபைலில் என்று பார்த்தால், “நோ ஆக்டிவ் ஃபைல்”. எந்த வரியில் என்றால், 0. நான் எழுதிய எந்த ஃபைலிலும் பூஜ்யமாவது வரி என்று ஒன்று கிடையாது. அந்த நேரத்தில் அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

முந்தின ராத்திரி நான் செய்த காரியம் சின்னதுதான். உள்ளே நுழைந்ததும் முகப்பில் “இன்றைய வரத்து இத்தனை டன்” என்று காட்ட வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். உள்ளே நுழைந்த ஆளின் விவரங்களையும் அவற்றை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டிய அச்சு, பயனர் என்ற கிளாஸ். அதற்குள் ஒரு ஃபங்ஷன் சேர்த்தேன். அது டேட்டாபேஸைக் கேட்டுக் கூட்டுத்தொகையைக் கொண்டுவரும். கேட்பதற்கு ஒரு கனெக்‌ஷன் வேண்டுமே, அதையும் அந்த அச்சில் வார்த்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அந்த ஆப்ஜெக்ட்டை முழுசாகத் தூக்கி செஷனில் போடுவது என் பழைய வழக்கம். சோதித்துப் பார்த்தேன். பெயர், பாஸ்வேர்டு, உள்ளே, முகப்பு, டன் கணக்கு, எல்லாம் வந்தது. நல்லது என்று படுத்துவிட்டேன். இரண்டாவது பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

இங்கே செஷன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் ஞாபகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் சர்வருக்குப் புது ஆள்தான். அதனால் முதல் தடவை வந்தபோது ஒரு நீளமான எண்ணைக் குக்கீயாகக் கொடுத்து அனுப்புகிறது. சர்வர் பக்கம் அதே எண்ணின் பெயரில் ஒரு ஃபைல். நாம் செஷனில் போடுவதெல்லாம் அந்த ஃபைலில் எழுத்தாக மாறிப் போய் உட்காரும். உயிரோடு இருக்கிற ஆப்ஜெக்ட்டை இப்படி எழுத்தாக மடித்து வைப்பதற்குப் பெயர்தான் சீரியலைஸ். அடுத்த கிளிக்கில் அதை விரித்து மறுபடி ஆப்ஜெக்ட்டாக நிற்க வைப்பது அன்சீரியலைஸ்.

மடிக்கிற வேலை எப்போது நடக்கிறது என்பதில்தான் என் பூஜ்யம் ஒளிந்திருந்தது. செஷனில் ஒன்றைப் போட்ட அந்த வரியிலேயே பிஎச்பி அதை மடிப்பதில்லை. நம் கோடு, அதாவது நாம் எழுதிய புரோகிராம், முழுக்க ஓடி முடிந்து, பக்கமும் பிரவுசருக்குப் போனபிறகு, கடை சாத்துகிற நேரத்தில் மடிக்கிறது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் என்று எதுவும் இல்லை, அதனால் வரி எண்ணும் இல்லை. முகப்பு அழகாக வந்துவிட்டது. அதற்கப்புறம் மடிக்கப் போனது, உள்ளே கனெக்‌ஷன் இருப்பதைப் பார்த்தது, முடியாது என்று கைவிட்டது. செஷன் சேமிக்கப்படவே இல்லை. அடுத்த கிளிக்கில் மாமா சர்வருக்கு யாரோ.

கனெக்‌ஷனை ஏன் மடிக்க முடியாது? அது ஒரு தகவல் இல்லை. பிஎச்பிக்கும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்கும் நடுவில் அந்த நொடியில் திறந்திருக்கிற ஒரு வழி. மண்டியின் போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம். மாமாவோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிற பேச்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய், நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. பிடிஓ இதை வெளிப்படையாக மறுத்துவிடுகிறது. திறந்த ஃபைலும் இதே சாதிதான். ஆனால் பிஎச்பி அதை மறுக்காது. சத்தமில்லாமல் வெறும் பூஜ்யமாக மடித்து வைத்துவிடும். எனக்கு பிடிஓவின் கறார்தான் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு 5:20-க்குள் அந்த முகப்பு வரியை எடுத்துவிட்டேன். வண்டிகள் நகர்ந்தன. ஆனால் முதலாளிக்கு டன் கணக்கு வேண்டும். அதனால் ராத்திரி உட்கார்ந்து “சரியாக” செய்தேன். அந்தச் சரியைப் பற்றித்தான் இனிமேல் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அந்த சீசன் முழுக்க நான் அழுதது அதனால்தான்.

பிஎச்பியில் ஸ்லீப், வேக்கப் என்று இரண்டு மேஜிக் மெத்தட்கள் உண்டு. மடிப்பதற்கு முன்னால் ஸ்லீப் கூப்பிடப்படும். எதையெல்லாம் மடிக்க வேண்டும் என்ற பட்டியலை அது தர வேண்டும். விரித்தபிறகு வேக்கப் கூப்பிடப்படும். விட்டுப்போனதை அங்கே சரிசெய்துகொள்ளலாம். கனெக்‌ஷனைப் பட்டியலிலிருந்து விட்டுவிடு, விழித்ததும் புதுசாக ஒன்று திறந்துகொள். பிஎச்பி கையேட்டிலேயே இதுதான் உதாரணமாக இருக்கிறது. நானும் அப்படியே எழுதினேன். வேலை செய்தது. அதோடு நிற்காமல், எடைச்சீட்டு என்ற கிளாஸுக்கும் அதையே போட்டேன். பில் போடக் காத்திருக்கும் சீட்டுகளை ஒரு பட்டியலாக செஷனிலேயே வைத்திருந்தேன், அவையும் ஆப்ஜெக்ட்டுகள்தானே.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு எல்லாத் திரையும் வெள்ளை. லாகில் “டூ மெனி கனெக்‌ஷன்ஸ்”. ஆறு கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து அத்தனை கனெக்‌ஷன்? மைஎஸ்கியூஎல்லில் ஒரே நேரத்தில் 151 கனெக்‌ஷன் வரை விடும், அதுதான் மாற்றாதபோது இருக்கும் அளவு. நிர்வாகிக்கு மட்டும் அதற்குமேல் ஒன்று ஒதுக்கி வைத்திருக்கும், அந்த ஒன்றில் நுழைந்து யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அடுக்கடுக்காக என் பெயர்தான். ஒவ்வொருவர் செஷனிலும் முப்பது சீட்டு. யாராவது எதையாவது தொட்டால் முப்பதும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கனெக்‌ஷன் திறந்துகொள்கிறது. ஆறு பேர் சேர்ந்து தொட்டால் 180. பக்கம் ஓடி முடிந்ததும் மூடிவிடும் என்பது உண்மை. ஆனால் சீசனில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆறு பேரும் சேர்ந்துதான் தொடுவார்கள்.

எல்லாச் சீட்டும் ஒரே கனெக்‌ஷனைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி மாற்றினேன். அரை மணி நேர வேலை. அது தீர்ந்தது. ஆனால் அதற்கடியில் இருந்த வியாதி தெரிந்தது அடுத்த வாரம், ஒரு நோட்டுப் புத்தகத்தால்.

மாமா கம்ப்யூட்டரை நம்ப மாட்டார். பக்கத்திலேயே நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தனியாக எழுதுவார். எனக்கு அதில் உள்ளுக்குள் வருத்தம் உண்டு, சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நோட்டையும் பில் கட்டையும் என் முன்னால் வைத்தார்.

“பெங்களூராவுக்கு கமிஷன் எட்டுன்னு மொதலாளி காத்தாலயே சொல்லிட்டாரு. நான் எட்டு போட்டிருக்கேன். உன் பொட்டி பத்து போட்டிருக்கு.”

பெங்களூரா என்றால் தோதாபுரி. கிளிமூக்கு மாங்காய் என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக் கூழ் கம்பெனிகளுக்குப் போவது பெரும்பாலும் அதுதான். காலை பதினோரு மணிக்கு முதலாளி அமைப்புப் பக்கத்தில் கமிஷனைப் பத்திலிருந்து எட்டாக மாற்றியிருக்கிறார். டேட்டாபேஸ் டேபிளில் எட்டு என்றே இருந்தது. ஆனால் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் காலை ஆறு மணிக்கே உள்ளே நுழைந்தவன். அவன் செஷனில் மண்டி என்ற ஆப்ஜெக்ட் ஆறு மணிக்கு மடித்து வைத்த அதே கோலத்தில் இருந்தது. அவன் சும்மா இருக்கவே இல்லை, அதனால் செஷன் செத்துப் புதுப்பிக்கப்படவும் இல்லை. ஒவ்வொரு கிளிக்கிலும் மடிப்பும் விரிப்பும் நடந்தது. அவன் மண்டியில் கமிஷன் சாயங்காலம் வரைக்கும் பத்து.

ஒரு லோடு மூன்றாயிரம் கிலோ, கிலோ 12 ரூபாய் என்றால் 36,000. பத்து சதவீதம் 3,600, எட்டு சதவீதம் 2,880. ஒரு வண்டிக்கு 720 ரூபாய் விவசாயி கையிலிருந்து போயிருக்கிறது. பதினான்கு பில். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாதான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, மறுநாள் வரச் சொல்லி, மீதியை எண்ணிக் கொடுத்தார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாங்க வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “மிசினு தப்பு பண்ணுமா பாப்பா?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. டேபிளில் இருக்கும் ஒரு வரியை ஆப்ஜெக்ட்டாக்கி செஷனில் போட்டால், அது அந்த வரியின் போட்டோ. டேட்டாபேஸில் ஆள் வளர்ந்துகொண்டே இருப்பார், போட்டோவில் இருப்பவர் அப்படியே இருப்பார். அதைவிட மோசம், அந்தப் போட்டோவையே திருத்தி டேபிளில் சேமிக்கிற கோடும் என்னிடம் இருந்தது. இரண்டு பேர் ஒரே சீட்டின் இரண்டு போட்டோவைத் திருத்தினால், கடைசியாகச் சேமித்தவர் முன்னவர் எழுதியதை அழித்துவிடுவார். அது நடந்ததா என்று இன்றைக்கு வரை நான் தேடிப் பார்க்கவில்லை. தேடத் தைரியம் இல்லை.

பழையதாகவே இருக்க வேண்டியதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பில் போட்ட நேரத்தில் இருந்த கமிஷன் அந்த பில்லோடு நிரந்தரமாக நிற்க வேண்டும். நாளைக்கு எட்டு ஒன்பதானால் பழைய பில் மாறக் கூடாது. ஆனால் அதன் இடம் பில் டேபிளில் ஒரு பத்தி. செஷன் இல்லை.

எடைமேடை விஷயத்தில் இதைவிட அசடு வழிந்தேன். தெரியாதவர்களுக்கு: வண்டி லோடோடு ஒரு தடவை மேடையில் ஏறும். பிறகு உள்ளே போய் மாங்காயை இறக்கிவிட்டுக் காலியாக இன்னொரு தடவை ஏறும். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கு எடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமும் ஆகலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். கூட்டத்தைப் பொறுத்தது. முதல் எடை எடுத்ததும் டிரைவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு நம்பர், வண்டி நம்பர், லோடு எடை. நான் இதை “நடந்துகொண்டிருக்கும் லோடு” என்று ஒரு ஆப்ஜெக்ட்டாக்கி, எடை போட்டவன் செஷனில் வைத்திருந்தேன். பாதி வேலையை டேபிளில் எழுதினால் குப்பை சேரும், முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்பது என் நினைப்பு.

விடியற்காலை ஐந்தரைக்கு முதல் எடை போட்டவன் ராத்திரி ஷிஃப்ட் பையன். எட்டு மணிக்கு அவன் வெளியேறு பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒன்பது மணிக்குக் காலி வண்டி மேடையில் ஏறியது. திரையில் அப்படி ஒரு வண்டியே இல்லை. டிரைவர் துண்டுச் சீட்டை நீட்டினார். மாமா நோட்டைப் புரட்டி, அந்த நம்பருக்கு நேராக இருந்த எடையைப் படித்துச் சொன்னார்.

டிரைவர் கையில் ஒரு நம்பர். மாங்காய் மண்டிக்குள். எடை நோட்டில். யார் ஷிஃப்டில் இருந்தாலும் நம்பரைப் பார்த்து நோட்டை விரிக்கலாம். நான் பெங்களூரில் ஆறு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்காததை அந்த மேஜையில் என் அப்பா காலத்திலிருந்து செய்துகொண்டிருந்தார்கள். முதல் எடை எடுத்ததுமே டேபிளில் ஒரு வரி, நிலை “உள்ளே”. இரண்டாவது எடை வந்ததும் “முடிந்தது”. செஷனுக்கு அதில் வேலையே இல்லை.

இதற்கு நடுவில் ஊர்ப் பெயர் கூத்து ஒன்று. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று முதலாளி பார்க்க வேண்டும் என்பதற்காக, செஷன்களை ஃபைலில் வைக்காமல் மைஎஸ்கியூஎல்லில் ஒரு டேபிளில் வைத்திருந்தேன். முதலாளி மகன் ஒருநாள், “அக்கா, பில்லுல காவேரிப்பட்டணம்னு வருது, கவர்மென்ட் பேப்பர்ல எல்லாம் பட்டினம்னுதான் இருக்கு, மாத்திடுங்க” என்றான். எங்களுக்குப் பேச்சில் பட்டணம்தான், ஆனாலும் அவன் சொன்னது நியாயம். விவசாயிகள் முகவரி, மண்டி முகவரி என்று எங்கெங்கோ இருந்ததால், டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக இறக்கி, எடிட்டரில் தேடி மாற்றி, மறுபடி ஏற்றினேன். ஆறு கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் வெளியே வந்து விழுந்தன.

சீரியலைஸ் செய்த எழுத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும். அந்த நீளம் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கு 3, கொம்புக்கு 3, காலுக்கு 3. காவேரிப்பட்டணம் என்பதில் 15 குறியீடு, ஆக 45 பைட். காவேரிப்பட்டினம் என்பதில் “ட” “டி” ஆகிறது, அந்தச் சுழி ஒன்று கூடுவதால் 16 குறியீடு, 48 பைட். ணகரம் னகரம் ஆனதில் வித்தியாசம் இல்லை. ஆக எடிட்டர் சொல்லை மாற்றியது, முன்னால் எழுதியிருந்த 45 மாறவில்லை. பிஎச்பி 45 பைட் எண்ணி, அதற்கப்புறம் மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் மகரத்தின் புள்ளியைப் பார்த்தது. செஷனை விரிக்க முடியவில்லை, அழித்துவிட்டேன் என்று ஒரு எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டுப் போய்விட்டது.

ஒரு சுழிக்கு ஆறு பேர் வெளியே. முகவரி செஷனில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாததால் இது இன்னும் எரிச்சலாக இருந்தது. விவசாயி ஆப்ஜெக்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். ஆப்ஜெக்ட்டை மடிக்கும்போது அது பிடித்திருக்கிற எல்லாமே கூட மடிபடும். சீட்டு விவசாயியைப் பிடித்திருக்கும், விவசாயி ஊரைப் பிடித்திருப்பார், ஊர் மண்டியைப் பிடித்திருக்கும். முப்பது சீட்டுக்கு மேல் சேர்ந்த ஒருநாள் அந்த டேபிளின் டெக்ஸ்ட் பத்திக்கே மூச்சு முட்டியது. அது 65,535 பைட்தான் கொள்ளும். தமிழில் எழுதினால் சீக்கிரம் நிரம்பும்.

நாத்தனார் மகன் தருமபுரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தவன் என் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அத்தை, ஒண்ணு காட்டட்டுமா?” என்றான். பில்லின் முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு நான் பில் ஆப்ஜெக்ட்டை சீரியலைஸ் செய்து, படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் பிரவுசரிலேயே அதைத் திறந்து, கமிஷன் என்ற இடத்தில் இருந்த 8-ஐ 0 ஆக்கினான். எண்ணுக்கு நீளக் கணக்கு கிடையாது. சத்தமில்லாமல் பூஜ்யம் கமிஷனில் பில் வந்தது. “டேய், போடா” என்று சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் கமிஷன் போனால் போகிறது. வெளியிலிருந்து வருகிற எழுத்தை அன்சீரியலைஸ் செய்தால், அனுப்புகிறவர் தனக்குப் பிடித்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டை என் சர்வருக்குள் நிற்க வைக்கலாம், அதன் வேக்கப் தானாகவே ஓடும். என் வேக்கப் என்ன செய்கிறது? தன்னிடம் எழுதியிருக்கும் சர்வர் முகவரிக்கு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறக்கிறது. அந்த முகவரியை மாற்றி அனுப்பினால், என் சர்வர் சமர்த்தாக எவனுடைய வாசலுக்கோ போய்க் கதவைத் தட்டும். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2017-இல் வெளியிட்ட பத்து முக்கிய ஆபத்துகள் பட்டியலில் எட்டாவதாக இதையே தனியாகச் சேர்த்தது. பைதான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் 2013-இல் வந்த 1.6 பதிப்பிலேயே செஷனுக்குப் பிக்கிளை (பைதானின் சீரியலைஸ்) விட்டு ஜேசான் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாறிவிட்டார்கள், காரணம் இதே பயம்தான். ஜேசானில் கிளாஸ் கிடையாது, எண்ணும் எழுத்தும் பட்டியலும்தான். விழித்தெழுந்து வேலை செய்ய அதில் யாரும் இல்லை.

அந்தப் படிவக் கட்டத்தில் இப்போது பில்லின் எண் மட்டும் போகிறது. அந்த பில் இவருக்கு உரியதுதானா என்று சர்வர் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.

சீசன் முடிந்து ஆகஸ்டில் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தேன். செஷனில் மூன்றே மூன்று: பயனர் ஐடி, கம்ப்யூட்டர் நம்பர், மொழி. ஒவ்வொரு பக்கமும் தொடங்கும்போது ஐடியை வைத்துப் பயனரை டேட்டாபேஸிலிருந்து புதுசாக எடுக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கேள்வி அதிகமாகுமே, மெதுவாகுமே என்று முன்பு பயந்துதான் நான் ஆப்ஜெக்ட்டையே வைத்தேன். ஐடி என்கிற முதன்மைச் சாவியை வைத்து ஒரே ஒரு வரியை எடுப்பது மைஎஸ்கியூஎல்லுக்குத் தும்மல் மாதிரி. முப்பது சீட்டை மடித்து விரித்த நேரம்தான் பெரிசு. பின்னாளில் லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பைப் பழகியபோது பார்த்தேன், பிறகு செய்ய வரிசையில் போடும் வேலைக்குள் மாடல் ஒன்றை (டேபிளின் ஒரு வரியைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) வைத்தால் அதுவே அந்த மாடலின் ஐடியை மட்டும் மடித்து வைத்துவிட்டு, வேலை ஓடும்போது டேட்டாபேஸிலிருந்து புதுசாக எடுத்துக்கொள்கிறது. நோட்டும் சீட்டும்தான். நாம் சீசன் முழுக்க அடிபட்டுக் கற்றதை ஒருவர் ட்ரெய்ட் என்ற, எந்தக் கிளாஸோடும் ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார்.

செஷன் இவ்வளவு சின்னதானதால் டேபிளை விட்டுவிட்டு மறுபடி ஃபைலுக்கே வந்தேன். அங்கே ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு பக்கம் செஷனைத் திறந்தால் அது முடியும்வரை அதே ஆளின் இன்னொரு பக்கம் காத்திருக்க வேண்டும். எடைத் திரை ஐந்து நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். யாராவது மாதக் கணக்கு அறிக்கையை ஒரு பக்கம் திறந்துவிட்டால் அவருடைய எடைத் திரை உறைந்துவிடும். அறிக்கைப் பக்கத்தில் செஷனைப் படித்ததும் எழுதி மூடிவிட்டேன். எடைத் திரையின் புதுப்பிப்பில் செஷனைத் தொடவே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த சீசனில் மாமா புதுப் புகார் கொண்டுவந்தார். டீ குடித்துவிட்டு வந்தால் பொட்டி வெளியே தள்ளுகிறதாம்.

யோசித்தால் காரணம் நான்தான். முன்பு ஐந்து நொடிக்கு ஒருமுறை புதுப்பித்த திரைதான் செஷனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆள் எழுந்து போனால் செஷனும் சும்மா கிடக்கிறது. பிஎச்பியில் சும்மா கிடக்கும் செஷனுக்கு ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். கோடில் ஒரு பூஜ்யம் சேர்த்து 14400 ஆக்கினேன். நாலு மணி நேரம். போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மாமா நோட்டை நீட்டினார். தனியாக ஒரு பக்கம், மூன்று பத்தி: எழுந்த நேரம், வந்த நேரம், தள்ளியதா.

“10:12-க்குப் போயி 10:41-க்கு வந்தேன், தள்ளிருச்சு. 1:47-க்கு சாப்பிடப் போயி 2:35-க்கு வந்தேன், தள்ளல. கொஞ்ச நேரம் போனா தள்ளுது, ரொம்ப நேரம் போனா விட்டுடுது. என்னாம்மா கணக்கு இது?”

அந்தப் பக்கத்தில் இருபதுக்கு மேல் வரி இருந்தது. தள்ளிய நேரங்களையெல்லாம் பார்த்தால், ஆள் இல்லாத நேரத்துக்குள் ஒன்பதாவது நிமிடமோ முப்பத்தொன்பதாவது நிமிடமோ கட்டாயம் வந்திருந்தது. என் சர்வரில் இருப்பது உபுண்டு என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் பழைய செஷன் ஃபைல்களைக் கூட்டித் தள்ளுவது பிஎச்பி இல்லை, ஒவ்வொரு மணியிலும் 9-ஆம் நிமிடமும் 39-ஆம் நிமிடமும் ஓடுகிற ஒரு தனி வேலை. அது என் கோடில் நான் போட்ட 14400-ஐப் பார்க்காது, பிஎச்பியின் பொது அமைப்பு ஃபைலில் இருக்கும் 1440-ஐத்தான் பார்க்கும். 10:12-க்கு எழுந்தவர் செஷன் 10:39-க்கு 27 நிமிடப் பழசு, குப்பை. 1:47-க்கு எழுந்தவர் செஷன் 2:09-க்கு 22 நிமிடம்தான், தப்பித்தது. அடுத்துக் கூட்டித் தள்ளுவது 2:39-க்கு, மாமா 2:35-க்கே வந்துவிட்டார்.

அமைப்பு ஃபைலில் மாற்றினேன். மாமா அடுத்த வாரம் வரைக்கும் எழுதிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். திருப்பி அடுத்த பக்கத்தின் தலையில் “பிரின்டர்” என்று எழுதினார்.